‘நாள் ஊற்று’ம் நூல் போடும் ஆன்டியும்: ஒரு செயல்திட்ட அறிக்கையை வாசித்தல்



இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு சிறுகதையையோ கவிதையையோ எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்த முறை நான் எடுத்திருப்பது ஓர் உயர்நிலை மூன்று மாணவியின் செயல்திட்ட அறிக்கை. ஜூன் விடுமுறையின் நான்கு வாரங்களும் அவர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய ஸ்பாவில் இருந்திருக்கிறார். கடையின் உரிமையாளரே அவருக்கு வழிகாட்டி. விடுமுறை முடிந்து 24 பக்கத்தில் ஓர் அறிக்கையும், அதன் பின்னிணைப்பாகக் கையால் எழுதிய 11 பக்க நாட்குறிப்பும் கொடுத்திருக்கிறார். மாணவி, அவருடைய குடும்பம், கடைக்காரர் மூவரின் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

“செயல்திட்டத்தைப் போய் யாராவது விமர்சனம் செய்வாங்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நம் மாணவர்கள் தமிழில் எழுதும் மிக நீளமான உரைநடை பெரும்பாலும் இதுதான். தேர்வுக் கட்டுரைக்குச் சொல் எண்ணிக்கை உண்டு, நேரம் உண்டு. செயல்திட்டத்தில் ஒரு பிள்ளை உண்மையாகவே எங்கோ போய், எதையோ பார்த்து, யாரிடமோ பேசிவிட்டு வந்து எழுதுகிறது. அதை மதிப்பெண் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஒரு தடவையாவது ஒரு நூலை வாசிப்பதுபோல் வாசித்துப் பார்ப்போமே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 பக்க அறிக்கை பார்க்க அழகாக இருக்கிறது, படிக்க உயிரில்லை. 11 பக்க நாட்குறிப்பு கிறுக்கலாக இருக்கிறது, எழுத்துப்பிழை நிறைய. ஆனால் ஸ்பா எப்படி நடக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. மதிப்பெண் முழுக்க முதலாவதற்குத்தான் போயிருக்கிறது. நாட்குறிப்பின் ஓரத்தில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் “பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்” என்று குறிப்பு. வேறு எதுவும் இல்லை.

சொல்லாமல் விட்ட ஒரு சொல்

தலைப்பில் இருந்தே தொடங்கலாம். “நாள் ஊற்று நடத்துவது எப்படி?” முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் ஊற்றா, அன்றாடம் ஊற்றெடுக்கும் ஏதாவது தத்துவமா என்று யோசித்தேன். இரண்டாம் பக்கம் போனபிறகுதான் ‘டே ஸ்பா’வை ஒரு மொழிபெயர்ப்புக் கருவி அப்படி ஆக்கியிருக்கிறது என்று விளங்கியது. தங்கும் வசதி இல்லாமல், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். ‘பகல்நேர ஸ்பா’ என்றால்கூடப் போதும். அந்தக் கடைக்கு வருகிற எவரும், கடைக்காரர் உட்பட, ‘ஸ்பா’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைத் தமிழாக வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் நம் மொழிக்குச் செல்வம் இருக்கிறது: பிடித்துவிடுவது, நீவிவிடுவது, உருவிவிடுவது, தேய்ப்பது, பூசுவது, ஒத்தடம் கொடுப்பது. ஒவ்வொன்றும் வேறு வேலை. அறிக்கையில் இவை ஆறுக்கும் பதிலாக ஒரே சொற்றொடர்: “சேவை வழங்கப்படுகிறது”.

ஸ்பா என்ற சொல்லின் வரலாறாக அறிக்கை சொல்வதும் சரியில்லை. ‘சானுஸ் பெர் அக்குவாம்’ என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் என்கிறது. இது இணையம் முழுக்கச் சுற்றும் கதை, பின்னாளில் எழுத்துக்கேற்பக் கட்டியது. பெல்ஜியத்தில் கனிம நீரூற்றுகளுக்குப் பேர்போன ஸ்பா என்ற ஊரே இருக்கிறது. அதன் பெயர்தான் பொதுப்பெயராகப் பரவியது. இது சின்ன விஷயம். இதைவிடப் பெரியது, அறிக்கை முழுவதும் ஒரு சொல்லை ஓடி ஒளிந்து தவிர்ப்பது.

மசாஜ். நம் செய்தித்தாள்கள் எழுதும் ‘உடம்புப்பிடி’. 24 பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இந்தச் சொல் இல்லை. “நலவாழ்வுச் சேவை”, “புத்துணர்வு அனுபவம்”, “உடல்நலத் தொடுகை” என்று சுற்றிச் சுற்றிப் போகிறது. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. வகுப்பில் யாராவது சிரித்திருப்பார்கள். நாட்குறிப்பின் இரண்டாம் நாளிலேயே ஒரு வரி இருக்கிறது: “நான் எங்க போறேன்னு கேட்டா பியூட்டி பார்லர்னு சொல்லுன்னு அம்மா சொன்னாங்க.” பாவம் அந்தப் பிள்ளை. அறிக்கையின் முகவுரையில் ஒரு முழுப் பக்கம் இது கண்ணியமான தொழில் என்று வாதாடுவதிலேயே போகிறது.

இந்தக் கூச்சத்தை மொழிப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. சொல்லைத் தவிர்த்ததால் உண்மையும் தவறிப்போனது. சிங்கப்பூரில் உடம்புப்பிடி நிலையங்களுக்கென்றே 2017-இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2018 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. இத்தகைய கடை நடத்தக் காவல்துறையின் உரிமம் வேண்டும். “ஸ்பா நடத்துவது எப்படி?” என்று தலைப்பு வைத்த அறிக்கையில் உரிமம் பற்றி ஒரு வரி இல்லை! வாடகை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, சமூக ஊடகப் பக்கத்துக்கு என்ன நிறம் என்பதுகூட இருக்கிறது. உரிமம் என்று எழுதினால் எதற்கான உரிமம் என்று எழுதியாக வேண்டும். அதனால் விட்டிருக்கிறார். கண்ணியத்தை நிலைநாட்ட வேண்டுமென்றால் அந்த உரிமம்தான் அவர் கையில் இருந்த மிக வலுவான ஆதாரம். அது அந்தக் கடையின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, நாட்குறிப்பில் அவரே அதை எழுதியும் இருக்கிறார்: “வாசல்ல லைசன்ஸ் மாட்டி இருக்கு, ஆன்டி அதத் தினமும் துடைப்பாங்க.”

இன்னொரு சொல், ‘சிகிச்சை’. முகச் சிகிச்சை, எண்ணெய்ச் சிகிச்சை, பாதச் சிகிச்சை. வேலை செய்கிறவர் ‘சிகிச்சையாளர்’. ஆங்கிலத்தில் ஒரே சொல் மருத்துவத்துக்கும் அழகுக்கும் ஓடுகிறது. தமிழில் சிகிச்சை என்றால் நோய்க்குத்தான். நோய் இல்லாதவருக்குச் சிகிச்சை கொடுப்பதாக எழுதுவது ஒரு வாக்குறுதி. அதை அந்தக் கடை காப்பாற்ற முடியாது, காப்பாற்றப்போவதாகச் சொல்லவும் இல்லை. கடைக்காரர் பேசுவதை நாட்குறிப்பில் கவனியுங்கள்: “முதுகு வலின்னு வந்தா, டாக்டரப் பாத்தீங்களான்னு முதல்ல கேக்கணும். நாம பிடிச்சுதான் விடுவோம், குணமாக்க மாட்டோம்.” இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரை அறிக்கை ‘சிகிச்சை நிபுணர்’ ஆக்கிவிட்டது. ஆசிரியர்களே, ‘பராமரிப்பு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது: முகப் பராமரிப்பு, பாதப் பராமரிப்பு. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தமிழ்ச்சொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பொய் சொல்லாத சொல் என்பதற்காகவும்தான்.

கணக்கு வழக்கு

இப்போது இந்த அறிக்கையின் நடுப்பகுதிக்கு வருவோம். நிதித் திட்டம் என்ற தலைப்பில் நான்கு பக்கம், வண்ண வட்ட வரைபடத்தோடு. தமிழாசிரியர்களில் பலர் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ‘நமக்கெதுக்கு எண்ணு?’ என்ற நினைப்பு நம்மிடையே இருக்கிறது. ஆனால் எண்ணும் எழுத்துதான். ஒரு கட்டுரையில் வாதம் சரிந்தால் சொல்கிறோம், எண் சரிந்தால் ஏன் சொல்லக்கூடாது?

மாணவி வழிகாட்டியின் கடையையே மாதிரியாக வைத்துத் தன் கற்பனைக் கடையைக் கட்டுகிறார். மூன்று படுக்கை. காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை. ஒரு மணி நேரத்துக்கு ஒருவர். ஆக ஒரு நாளைக்கு 30 பேர். ஒருவருக்கு 60 வெள்ளி. செவ்வாய் விடுமுறை போக நான்கு வாரத்தில் 24 நாள். 30 பெருக்கல் 60 பெருக்கல் 24, மொத்தம் 43,200 வெள்ளி. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி.

ஆனால் கடையில் பிடித்துவிட இருப்பவர்கள் இருவர்தான். படுக்கை மூன்று என்பதால் கைகள் ஆறு ஆகிவிடாது. அந்த இருவரும் சாப்பிட வேண்டும். ஒருவர் எழுந்து போனபின் விரிப்பை மாற்றி, எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி, அடுத்தவருக்குத் தயார் செய்ய 15 நிமிடம் ஆகிறது. இந்த 15 நிமிடத்தை நாட்குறிப்பில் கடிகாரம் பார்த்துக் குறித்தவரே இந்த மாணவிதான்! 600 நிமிடத்தில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் 90 போனால் 510. ஒருவருக்கு 75 நிமிடம் என்றால் ஆறு பேரை முடிக்கலாம், ஏழாவது ஆளுக்கு நேரம் இல்லை. இருவரும் சேர்ந்து 12. முப்பது எங்கே, பன்னிரண்டு எங்கே? அதுவும் கடை நிரம்பி வழிந்தால்.

கடை நிரம்பி வழியவில்லை. அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. முகப்பில் உட்கார்ந்து முன்பதிவு ஏட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர். வார நாட்களில் சராசரி ஐந்து பேர், சனி ஞாயிறில் பதினொருவர். நான்கு வாரத்துக்கு 168 பேர். அவர்களில் 96 பேர் பெயருக்குப் பக்கத்தில் ‘பே’ என்று ஒரு சின்ன எழுத்து. பேக்கேஜ் என்று அர்த்தம். ஏற்கெனவே 500 வெள்ளி கட்டி, 10 தடவைக்கு வாங்கிக்கொண்டவர்கள். அவர்கள் அன்றைக்குக் காசு தரமாட்டார்கள்.

கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள். பேக்கேஜ் இல்லாத 72 பேர் கொடுத்தது 4,320 வெள்ளி. பேக்கேஜ்காரர்கள் 96 பேருக்குச் செய்த வேலையின் மதிப்பு, தலைக்கு 50 வீதம், 4,800. இரண்டும் சேர்த்து அந்த நான்கு வாரத்தில் பிடித்துவிட்டு ஈட்டியது 9,120 வெள்ளி. வாடகை 4,500. இரண்டு ஊழியருக்கும் ஆளுக்கு 2,200 சம்பளம். அறிக்கை இதை 4,400 என்று எழுதி நிறுத்திவிட்டது. இருவரும் உள்ளூர்க்காரர்கள், 55 வயதுக்குக் கீழே. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு மசேநிதிக்குக் கட்ட வேண்டும். ஆளுக்கு 374 வெள்ளி, இருவருக்கும் 748. ஆகச் சம்பளச் செலவு 5,148. வாடகையோடு 9,648. ஈட்டியது 9,120. கடை 528 வெள்ளி கையைக் கடிக்கிறது. மின்சாரம், சலவை, எண்ணெய் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

அப்படியானால் கடை எப்படி ஓடுகிறது? நல்ல விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், நல்ல மாணவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விடை முகப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆன்டி அங்கே ஒரு நாற்காலி போட்டு, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் புருவம் திருத்திவிடுகிறார். ஒரு தடவைக்கு 6 வெள்ளி. ஐந்து நிமிட வேலை. மாணவி நாட்குறிப்பில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறார், நான்கு வாரத்தில் 260 பேர். 1,560 வெள்ளி. அந்தப் பணம்தான் 528 வெள்ளி ஓட்டையை அடைத்து, மிச்சம் 1,032-ஐ மின்கட்டணத்துக்கும் துண்டு துவைக்கவும் கொடுக்கிறது. மூன்று படுக்கையையும், மெழுகுவர்த்தியையும், மெல்லிய இசையையும் தாங்கிப் பிடித்திருப்பது ஒரு நூல்! இதைக் கண்டுபிடிக்க வேண்டிய எல்லா எண்ணும் மாணவியின் கையெழுத்திலேயே இருக்கிறது. அறிக்கையில் புருவம் திருத்துவது “இதர சிறு சேவைகள்” என்ற நான்கு சொல்லுக்குள்… இல்லை, மூன்றே சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

பேக்கேஜைப் பற்றி இன்னும் கொஞ்சம். அறிக்கை மாதம் 40 பேக்கேஜ் விற்று 20,000 வெள்ளி ‘கூடுதல் வருமானம்’ பெறலாம் என்கிறது. முதலில், இது ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுவது. பேக்கேஜ் வாங்கியவர்தானே அந்த 30 பேரில் ஒருவராக வந்து படுக்கப்போகிறார்? அடுத்தது இன்னும் முக்கியம்: முன்கூட்டி வாங்கிய பணம் வருமானமே இல்லை, கடன். பத்துத் தடவை பிடித்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிய கடன். கடை மூடினால் யாரிடம் போய்க் கேட்பது? நம் ஊரில் அழகு நிலையம், ஸ்பா, உடற்பயிற்சிக்கூடம் என்று முன்பணம் வாங்கும் தொழில்களைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. அதன் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற ஸ்பாக்கள், வாங்கியவர் மனம் மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் பணத்தைத் திருப்பித்தர வேண்டும், முன்பணத்துக்குப் பாதுகாப்பும் செய்திருக்க வேண்டும். தேர்வு எழுதும் மாணவர்களே, பயனீட்டாளர் உரிமை, இணைய விற்பனை, விளம்பரம் என்று ஏதாவது தலைப்பு வந்தால் இந்த ஒரு செய்தி உங்கள் கட்டுரைக்கு எவ்வளவு கனம் சேர்க்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று. விலைப்பட்டியலில் எல்லாவற்றோடும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்து, 60 வெள்ளியை 65.40 ஆக்கியிருக்கிறார். ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்த வரிக்குக் கட்டாயம் பதிய வேண்டும். விரும்பினால் முன்பே பதியலாம், ஆனால் பதியாத கடை வரி வாங்கக்கூடாது. ஊதிப் பெருக்கிய 43,200-ஐ வைத்துக் கணக்குப் போட்டாலும் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துச் சொச்சம்தான் வருகிறது.

கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

வழிகாட்டியோடு நேர்காணல் என்று இரண்டு பக்கம். ஐந்து கேள்வி. “உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?” “கடின உழைப்பும் விடாமுயற்சியும்.” “இளையர்களுக்கு நீங்கள் கூற விரும்பும் அறிவுரை யாது?” “கனவு காணுங்கள்.” இந்த நேர்காணலில் ஸ்பா என்ற சொல்லை எடுத்துவிட்டு மீன்கடை என்று போடுங்கள், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கேள்விகள் பள்ளி கொடுத்த மாதிரித் தாளிலிருந்து வந்தவை. குற்றம் பிள்ளையுடையது இல்லை.

ஏனென்றால், மாதிரித் தாள் கையில் இல்லாதபோது இதே பிள்ளை எப்படிக் கேட்கிறது பாருங்கள். மூன்றாம் வாரம் புதன்கிழமை, கடையில் ஆளில்லாத மத்தியானம்:

“ஆன்டி, உங்க சம்பளம் எவ்ளோன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எனக்கு யாரும்மா சம்பளம் குடுக்குறது, எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சம் இருந்தா அதான் என் சம்பளம்னாங்க. போன மாசம் மிச்சம் இருந்துச்சான்னு கேட்டேன். டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

இதைவிட நல்ல நேர்காணலை நான் சமீபத்தில் படிக்கவில்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். ‘பதில் சொல்லவில்லை’ என்று எழுதவில்லை, ‘வருத்தப்பட்டார்’ என்றும் எழுதவில்லை. டீ வாங்கி வரச் சொன்னதை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டது பிள்ளை. இந்தப் பத்திக்குப் பக்கத்தில்தான் சிவப்பு மைக் குறிப்புகளில் ஒன்று இருக்கிறது.

இன்னொரு பதிவு. மாணவிக்கு வயது 15, வாடிக்கையாளரைத் தொடும் வேலை எதுவும் கொடுக்கவில்லை, அது சரியான முடிவு. துண்டு மடிப்பது அவர் பொறுப்பு. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த துண்டுகளைச் சூட்டோடு சூடாக மடித்து அடுக்கியிருக்கிறார். “இன்னைக்கு ஆன்டி என்னை ஏசினாங்க. எண்ணெய்த் துண்டச் சூடா அடுக்கினா உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டு இருக்குமாம். ராத்திரி கடை பத்திக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டாங்க. நான் நம்பல. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். உண்மைதான்.” உண்மைதான். துவைத்தும் முழுதாகப் போகாத எண்ணெய், துணியில் காற்றோடு வினைபுரிந்து சூடாகும். குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கலாம். எவ்வளவு அருமையான ‘பாதுகாப்பு நடைமுறை’ப் பகுதி ஆகியிருக்கும் இது! அறிக்கையின் அந்தப் பகுதியில் இருப்பது: “பணியிடத்தில் பாதுகாப்பு மிகவும் அவசியமாகும். விழிப்புணர்வு தேவை.” நம்பாமல் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்த பிள்ளை எங்கே போனது?

வழிகாட்டியின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் ஐந்து கட்டம், ஐந்திலும் ‘மிகச் சிறப்பு’. அதனால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் படிவத்துக்கு வெளியே அவர் நல்ல வழிகாட்டி. ஏசினார், காரணம் சொன்னார், முன்பதிவு ஏட்டை நம்பிக் கையில் கொடுத்தார், நான்காம் வாரம் வாடகையும் சம்பளமும் எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னார். எத்தனை முதலாளிகள் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் அதைச் சொல்வார்கள்? குறை ஒன்றே ஒன்று. ஊழியர்கள் இருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம். பள்ளிதான் அதைக் கேட்டிருக்க வேண்டும். முதலாளி கண்ணால் மட்டும் பார்த்தால் தொழில் பாதிதான் தெரியும். அந்த அக்காக்களில் ஒருவர் நாட்குறிப்பில் ஒரே ஓர் இடத்தில் வாய் திறக்கிறார்: “இந்த வேலையில மொதல்ல போறது கட்டைவிரல்தான். அதான் முழங்கைய வெச்சு அழுத்துறேன்.” அதற்குமேல் அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அறிக்கையில் அவர் ‘மனித வளம்: 2’.

நாட்குறிப்பை ஒரேயடியாகத் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதிலும் சோம்பல் இருக்கிறது. நான்கு நாள் பதிவுகள் “சூப்பரா போச்சு” என்பதோடு முடிகின்றன. என்ன போச்சு, எப்படிப் போச்சு என்று இல்லை. ‘வாடிக்கையாளர்’ ஒரு தடவைகூடச் சரியாக எழுதப்படவில்லை. ஒரு வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறார். அது தவறு, படுக்கையில் வந்து படுக்கிறவர் நம்மை நம்பித்தான் படுக்கிறார். அந்த இரண்டு வரியை யாரும் சிவப்பு மையில் சுட்டவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பேச்சுத் தமிழ் பிரச்சினையை நேராகவே பேசிவிடுவோம். அறிக்கையைப் பேச்சு வழக்கில் எழுதச் சொல்லவில்லை. எழுத்துத் தமிழ் பழகத்தான் வேண்டும். கட்டுரைத் தாளில் “ஏசினாங்க” என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். ஆனால் பேச்சுத் தமிழில் பார்த்ததை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுபோகும்போது வினைமுற்று மட்டும் மாறினால் போதுமே! “ஆன்டி என்னை ஏசினார். எண்ணெய் போகாத துண்டைச் சூடாக அடுக்கக்கூடாதாம்.” முடிந்தது. இங்கே நடந்தது அதுவல்ல. எழுத்துத் தமிழ் என்றாலே ‘விழிப்புணர்வு’, ‘அவசியமாகும்’, ‘வழங்கப்படுகிறது’ என்ற சொற்கள்தான் என்று பிள்ளை நம்பிவிட்டது. துண்டு, லாச்சி, கட்டைவிரல் இவையெல்லாம் எழுத்துத் தமிழில் நுழையத் தகுதியில்லாதவை என்று யாரோ, சொல்லாமலே, சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். காணொளியைக் காட்டி உரையாடும்போது அங்கே பேச்சுத் தமிழ்தான் எதிர்பார்க்கப்படுகிறது. சிறு வணிகம் பற்றியோ, மூத்த ஊழியர் பற்றியோ, அக்கம்பக்கக் கடைகள் பற்றியோ ஒரு காணொளி வந்தால், “சிறு தொழில்கள் பல சவால்களை எதிர்நோக்குகின்றன” என்று தொடங்குகிறவர்கள் வரிசையாக வருவார்கள். “நான் ஒரு கடையில நாலு வாரம் இருந்தேன், அங்க முதலாளிக்கே சம்பளம் இல்ல” என்று தொடங்குகிறவர் ஒருவர் வந்தால் எதிரே இருக்கிற ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த கேள்வி தானாக வரும். அதற்கும் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டே. மதிப்பீட்டு அட்டவணையில் அமைப்புக்கும் படங்களுக்கும் உள்ள இடத்தில் கொஞ்சத்தை எடுத்து, “நாட்குறிப்பில் பதிவானது அறிக்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா?” என்பதற்குக் கொடுங்கள். இரண்டாவது, நேர்காணல் மாதிரித் தாளைக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் நாட்குறிப்பு எழுதட்டும், அதைப் படித்துவிட்டு மாணவரே கேள்வி தயாரிக்கட்டும். கணக்குப் பக்கத்தைப் பார்க்கப் பள்ளியிலேயே வணிகப் பாட ஆசிரியர் ஒருவர் இருப்பார், ஒரு காப்பி வாங்கிக்கொடுத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்த மாணவி தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் அழகுப் பராமரிப்புத் துறையில் சேர விரும்புவதாக அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் தயங்கித் தயங்கி. அதனால்தான் இந்த அறிக்கையை இவ்வளவு நேரம் பிரித்துப் போட்டேன். மற்றவர்களுக்கு இது ஒரு விடுமுறை வேலை. அவர் நாளைக்கு உண்மையாகவே ஒரு கடை வைத்தால் 30 பேர் வருவார்கள் என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக்கூடும், பேக்கேஜ் பணத்தை வருமானம் என்று எண்ணிச் செலவழிக்கக்கூடும்.

அறிக்கையின் 19-ஆம் பக்கத்தில் ‘வாடிக்கையாளர் உறவு’ என்று ஒரு தலைப்பு. கீழே ஒரே வாக்கியம்: “வாடிக்கையாளர் உறவு சிறப்பாகப் பேணப்படுகிறது.” திருத்திய பதிப்பு எழுதுகிறேன் என்று மாணவி சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமைப் பதிவை எழுத்துத் தமிழில் அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதிவு இதுதான்:

“ஒரு அக்கா வந்தாங்க. ஜோகூருக்கு வீடு மாறிப் போறாங்களாம். பேக்கேஜ்ல இன்னும் ஆறு தடவ பாக்கி. காசு கெடைக்குமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. ஆன்டி ஏட்டப் பாத்தாங்க, லாச்சியத் தொறந்து 300 வெள்ளி எண்ணிக் குடுத்தாங்க. அக்கா போனதும் லாச்சியில எவ்ளோ இருக்குன்னு என்னை எண்ணச் சொன்னாங்க. 85 வெள்ளி.”